பாறையை விட்டு வராத கடல் சாமந்தி

சீர் சாமான்களை எடுத்துப் போக என் மாமனாரும் அவருடைய அண்ணனும் ஒரு டெம்போவோடு வந்திருந்தார்கள். நானும் என் மனைவியும் பிரிந்துவிடுவது என்று இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேசி முடித்தாகிவிட்டது. கட்டில், பீரோ, கிரைண்டர், பித்தளை அண்டா என்று ஒவ்வொன்றாக வெளியே போய்க்கொண்டிருந்தன. நான் கதவை ஒட்டி நின்று வழிவிட்டுக்கொண்டிருந்தேன். என் வீட்டில் அன்றைக்கு எனக்கு அதற்கு மேல் வேலை இல்லை.

மிச்சம் நின்றது ஹாலில் இருந்த கடல்நீர்த் தொட்டி. தலை தீபாவளிக்கு மாமனார் எனக்கு மோதிரம் போட வந்தபோது, "மோதரம் வேண்டாம்ப்பா, மீன் தொட்டி வாங்கிக் குடுங்க" என்று கேட்டவள் அவள்தான். லாரிக்கு பாடி கட்டும் என் பட்டறையிலேயே இரும்பு ஆங்கிளை வெட்டி, வெல்டு வைத்து, லாரிக்கு அடிக்கிற அதே பெயிண்டை அடித்து ஸ்டாண்டு செய்தேன். மேலே யானையை நிறுத்தினாலும் அசையாது என்று நாமக்கல் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். உப்பைக் கலக்குவது, தண்ணீரைச் சோதிப்பது, வெயில் காலத்தில் அதைக் குளிர வைப்பது எல்லாம் அவள் பாடு. ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்ப்பவள். ரத்தத்தைப் பார்க்கிற அதே கவனத்தோடு இந்தத் தண்ணீரையும் பார்ப்பாள்.

நடுப்பாறையில் கடல் சாமந்தி இருந்தது. பேரில்தான் பூ. ஆனால் உயிருள்ள பிராணி. அடியில் ஒரு பாதம், மேலே ஒரு வாய், சுற்றிலும் நுனி உருண்ட விரல்கள். சென்னையிலிருந்து தெர்மாகோல் பெட்டியில் வந்த புதிதில் நாங்கள் வைத்த இடத்தில் அது ஒரு நாளும் இருந்ததில்லை. காலையில் பார்த்தால் வேறு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். எனக்கு எரிச்சலாக வரும்.

"நமக்குப் புடிச்ச எடத்துல வெச்சா இருக்காதுங்க. அதுக்குப் புடிக்கோணும்" என்பாள்.

அலைந்து அலைந்து ஒரு பிளவைக் கண்டுபிடித்து, பாதத்தை உள்ளே செருகி உட்கார்ந்தது. அப்புறம் அசையவே இல்லை. கோழிப்பண்ணை வைத்திருந்த பக்கத்து வீட்டு அக்கா, பாவம் பட்டினி கிடக்கிறதே என்று ஒருநாள் அவித்த முட்டையின் மஞ்சள் கருவை உதிர்த்துப் போட்டுவிட்டார். "நம்மூர்ல முட்டைய வேண்டாங்கற சீவன் உண்டுங்களா?" என்று எங்களையே கேட்டார். நாறிப்போன தண்ணீரை மாற்றிக்கொண்டே அவள் சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை.

பிறகு வளைகாப்பு நடந்தது. கையில் வளையல்கள் இருக்கும்போதே குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. பெண் குழந்தை. பெற்றவள் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான்தான் துணியில் வாங்கிக்கொண்டு போய் அடக்கம் செய்தேன். அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் எங்களுக்குள் பேச்சு என்றால் பால் பாக்கெட், கரண்டு பில், அவ்வளவுதான். நான் பட்டறையிலேயே கிடந்தேன், அவள் தொட்டி முன்னாலேயே கிடந்தாள். யார் முதலில் வாயை மூடிக்கொண்டோம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

டெம்போ நிறைந்ததும் அவளுடைய பெரியப்பா தொட்டியைச் சுற்றி வந்தார். "இதும் நம்ம சீருதான்" என்று ஆரம்பித்தார்.

"உடுங்கண்ணா" என்றார் மாமனார்.

"தொட்டி வேண்டாம்ப்பா. இது மட்டும் போதும்" என்று கடல் சாமந்தியைக் காட்டினாள் அவள். சேலத்தில் வேலை கிடைத்து, அங்கே எடுத்திருந்த அறையில் ஒரு சின்னத் தொட்டியை ஏற்கெனவே தயார் செய்து வைத்திருந்தாள். எனக்கு அது அப்போதுதான் தெரியும்.

தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டாள். அது வரவில்லை. பாதத்தைப் பிளவுக்குள் இன்னும் இறுக்கிக்கொண்டது. பிடித்து இழுத்தால் பாதம் கிழியும், கிழிந்தால் அழுகிச் செத்துப்போகும். அதுவாக விடும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அது பிடித்துக்கொண்டிருக்கும் வரைக்கும் அவள் இங்கே இருப்பாள். விடாதே, விடாதே என்று மனசுக்குள் அதனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"கத்திய உட்டு நெம்புனா வராதா சாமி?" என்றார் பெரியப்பா.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க டெம்போவோட முன்னால போங்க பெரியப்பா. நான் பஸ்ஸுல வாரேன்."

மாமனார் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சரி கண்ணு" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

காலியான வீட்டில் தொட்டியின் மோட்டார் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது. பிரிட்ஜிலிருந்து ஐஸ் கேட்டாள். பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டிக் கொடுத்தேன். பாதத்தின் ஓரத்தில் குளிர் பட்டால் சில சமயம் விட்டுவிடுமாம். அவள் ஐஸை வைத்து வைத்து எடுத்தாள். நான் ஒரு கையால் டார்ச் அடித்து, மறு கையால் பாறையைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீருக்குள் அவள் கை என் கையில் பட்டது. இரண்டு பேருமே எடுக்கவில்லை.

"பாருங்க, ஓரம் எந்திரிக்குது" என்றாள்.

எவ்வளவோ நாளுக்குப் பிறகு அந்தக் குரல். அதைக் கேட்டுச் சந்தோஷப்படக்கூட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மற்ற ஓரமும் எழும்பியது. பிழிந்த துணி மாதிரி சுருண்டு அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தது. இரண்டு கையாலும் தண்ணீருக்குள் அதை ஏந்தியபடி நின்றாள். பக்கத்தில் எடுத்து வைத்திருந்த பிளாஸ்டிக் பைக்குள் போடவில்லை.

"பாப்பா கனமா இருந்துச்சுங்களா?" என்றாள்.

"இல்ல அம்மிணி. கனமே இல்ல."

"யாராட்டம் இருந்துச்சுங்க?"

"மூக்கு உன்னது. தலைல முடி நெறைய இருந்துச்சு. கண்ணு மூடித்தான் இருந்துச்சு, தூங்கறாப்பல."

"மொகத்துல துணி போட்டீங்களா?"

"போடல. மண்ணு தள்ளறப்பத்தான் மூடுனேன்."

அவள் அழுதாள். நானும் அழுதேன். கையைத் தண்ணீரிலிருந்து எடுக்க முடியாததால் யாரும் யாருடைய கண்ணையும் துடைக்கவில்லை. பிறகு அவள் கடல் சாமந்தியைப் பையில் விட்டு, தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்றி, காற்றை அடைத்துக் கட்டினாள். பையைத் தெர்மாகோல் பெட்டிக்குள் இறக்கினாள். அப்போதுதான் எனக்கு வாய் வந்தது.

"போகாத அம்மிணி. இருந்துக்க."

ரொம்ப நேரம் பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு நம்பிக்கை வந்திருக்கும்.

"இதத்தானுங்க கேக்கோணும்னு இருந்தேன். கேட்டுட்டேன்" என்றாள். "கை ஈரமா இருக்குது. மூடிய நீங்க போட்டுருங்க."

மூடியைப் போட்டேன். டேப்பை இழுத்துச் சுற்றிலும் ஒட்டி, ஓரங்களைக் கட்டை விரலால் அழுத்திவிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் கொண்டுவந்து விடட்டுமா என்று கேட்டேன். ஆட்டோ சொல்லியாச்சு என்றாள்.