கிப்தலாம் தும்மினான்

நைரோபியில் அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளுக்குப் பேர் வைக்கக் கூடாது என்பது சட்டம். எலி அறையில் வேலை செய்யும் ஜெப்செர்கோன் அதை மதிக்கிறவள்தான். ஒரு நாள் மரத்தூள் மாற்றும்போது நினைப்பு செத்துப்போன மகனிடம் போய்விட்டது. "கிப்தலாம்" என்று முணுமுணுத்தாள். அடையாளத்துக்காக இடது காதில் வெட்டு வைத்திருந்த எலி படக்கென்று தும்மியது.

மரத்தூள் மூக்கில் ஏறினால் எந்த எலிதான் தும்மாது? ஆனால் அவள் பாரிங்கோக்காரி. அங்கே பிள்ளை பிறந்தால் செத்தவர்கள் பேரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார்கள். எந்தப் பேருக்குப் பிள்ளை தும்முகிறதோ, அந்தப் பேர்க்காரரே திரும்பி வந்திருக்கிறார் என்று அர்த்தம். கிப்தலாமை அப்படிக் கூப்பிட அவள் வீட்டில் வேறு பிள்ளை பிறக்கவில்லை. ஆடு மேய்க்கப் போய்க் கரையான் புற்றோரம் உட்கார்ந்தவனை மணல் ஈ கடித்தது. காலா அசார் என்ற காய்ச்சல். மண்ணீரல் வீங்கி, வயிறு பானையாகி, போய்ச் சேர்ந்தான். தும்மிய நாளிலிருந்து அந்த எலியை அவள் கிப்தலாம் என்றே கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, எலியோட குடும்பமே நடத்துற?" என்றாள் கூட வேலை செய்யும் நஃபூலா.

"உன் புருஷனுக்கு இது தேவலடி. கூப்பிட்டா திரும்பியாவது பாக்குது."

எல்லா எலிக்கும் அதே காலா அசார் கிருமியைத்தான் ஏற்றியிருந்தார்கள். டாக்டர் முரைத்தி ஒருமுறை சொல்லியிருந்தார்: "உடம்புல காவக்கார செல்லுங்க ஒண்ணையொண்ணு கூப்பிடும்மா. அந்தக் கூப்பாடு கேட்டாத்தான் மத்ததெல்லாம் வேகமா வந்து கிருமியைத் தின்னு தீர்க்கும். பாதி எலிங்களுக்கு அது கேக்காது. பிறவியிலேயே அப்படி." தன் எலி எந்தப் பாதி என்று அவளுக்குத் தெரியாது.

அறுத்துப் பார்க்கும் நாள் வந்தது. பக்கத்துக் கூண்டில் இதே சாயலில் கறுப்பு எலிகள் நிறைய. ஒன்றின் காதை வெட்டி மாற்றிவிட்டால் ஈ காக்காய்க்கும் தெரியாது. கைகூட நீண்டுவிட்டது. ஆனால் ஒளித்து வைத்தால், இவன் தப்பித்தானா, மகனைப் போலவே உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்கிறானா என்று கடைசிவரை தெரியாதே! அவளுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். கூண்டை அவளே கொண்டுபோய் மேசையில் வைத்தாள்.

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

"அந்தக் காது வெட்டின எலி, டாக்டர்... உள்ள கூப்பிட்டப்போ யாராவது வந்தாங்களா?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "வந்தாங்கம்மா. கூட்டமா வந்திருக்காங்க. ஈரல்ல கிருமியைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கு, அவ்வளவு கம்மி."

"நல்லது" என்றாள்.

அறைக்குத் திரும்பி, காலிக் கூண்டில் புது மரத்தூள் போட்டாள். பிறகு "கிப்தலாம்" என்று வாய்விட்டே கூப்பிட்டாள். யாரும் தும்மவில்லை.