பிள்ளைச் சோற்றுக்கு ஏற்ற டப்பா

"…அதுக்காக ஐஸ்கிரீம் டப்பாவுலயா தம்பி வைப்பாங்க? பாப்பா சோறு இது. மத்ததெல்லாம் பாத்துப் பாத்து வாங்கிட்டு, இது மட்டும் எப்படி?"

இப்படிக் கேட்டபோது அக்காவின் ஒரு கை என் ஃப்ரீசருக்குள் இருந்தது. இன்னொரு கையால் என் மகளை இடுப்பில் அணைத்துப் பிடித்திருந்தார். ஃப்ரீசரின் கடைசியில், பனி பிடித்த சுவரோடு சுவராக இருந்த வெனிலா ஐஸ்கிரீம் டப்பாவை அவருடைய விரல் தட்டிக்கொண்டிருந்தது. எங்கிருந்து தொடங்கிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா என்றால் என் மனைவியின் அக்கா. என் மனைவி, மகளைப் பெற்ற மறுநாள் போய்விட்டாள். இரத்தப்போக்கு நிற்கவில்லை. பிள்ளை மருத்துவமனையிலிருந்து நேராகக் கெலாங் பாத்தாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குத்தான் போனது. அக்காவுக்குப் பிள்ளை இல்லை. அன்று காரில் ஏறும்போது அவர் சொன்னார்: "பால் குடிக்கிற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும் தம்பி. சோறு திங்க ஆரம்பிக்கட்டும், அப்புறம் பாப்போம்."

அந்தப் 'பாப்போம்' என்னோடு பல மாதம் குடியிருந்தது. முடியாது என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். 'பாப்போம்' என்கிறவரோடு யார் சண்டை போட முடியும்? தம்போயில் ஒரு கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் கெலாங் பாத்தாவுக்குப் போவேன். நான் போய்ச் சேரும் நேரத்தில் மகள் பெரும்பாலும் தூங்கியிருப்பாள். பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, அக்கா போட்டுத் தரும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, ஸ்கூடாயில் யாரும் இல்லாத என் அடுக்கு வீட்டுக்குத் திரும்புவேன். ஒருநாள் தூக்கத்திலிருந்து எழுந்தவள் என்னைப் பார்த்து மிரண்டு, அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "தூக்கக் கலக்கம் தம்பி" என்றார் அக்கா. கலக்கம் எனக்குத்தான்.

அவளுக்கு முதல் பல் முளைத்து, பரங்கிக்காய் மசியலைத் துப்பாமல் விழுங்கத் தொடங்கியதும் நானே கேட்டேன். அக்கா வெகுநேரம் துணி மடித்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "வர்ற ஞாயித்துக்கிழம நான் வந்து பாக்குறேன். பாப்பா என்ன சாப்புடப் போவுது, யாரு ஊட்டுவா, எதுல வைப்பீங்க, எல்லாம் கண்ணால பாக்கணும். மனசு ஒப்புச்சுன்னா விட்டுட்டு வரேன். இல்லன்னா தூக்கிட்டு வந்துருவேன். கோவிச்சுக்கக் கூடாது."

யார் ஊட்டுவது என்பதில் சிக்கல் இல்லை. எனக்குக் கீழ்வீட்டில் ஒரு அம்மா வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். தங்கமான மனுஷி, வாய்தான் கொஞ்சம் நீளம். "குளிப்பாட்டுறது, தூங்க வைக்கிறது, ஊட்டுறது எல்லாம் செய்வேன் தம்பி, சமைக்க மட்டும் மாட்டேன். வீட்டுக்கு ஒரு சோறுன்னு ஆக்குறதுக்கு நான் என்ன சாப்பாட்டுக்கடையா வச்சிருக்கேன்? நீங்க டப்பாவுல போட்டுக் குடுங்க, நான் சூடு காட்டி ஊட்டிடறேன்."

ஆக, என் மகள் என் வீட்டுக்கு வருவதற்கும் வராமல் போவதற்கும் நடுவில் நின்றது டப்பாதான்.

வேலையிடத்துச் சாப்பாட்டு மேசையில் பேச்சை எடுத்தேன். அவ்வளவுதான், ஆளுக்கொரு யோசனை. ஐஸ்கட்டி அச்சில் ஊற்றி வை, ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு கட்டி எடுத்தால் போதும் என்றான் ஒருவன். பொட்டலம் கட்டும் பகுதியில் வேலை செய்யும் மலாய்க்கார அக்கா, "ஜாங்ஙான் பெனோ, டெக்" என்றார், முழுசாக நிரப்பாதே தம்பி என்று. "உறைஞ்சா ஊதும். ஒரு விரல் இடம் விடு." எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்து, ஒரு பழைய ஜாம் போத்தலில் கழுத்துவரை கஞ்சியை ஊற்றி வைத்தேன். விடிந்து பார்த்தால் போத்தல் விரிசல் விட்டு, கஞ்சி வெள்ளையாகப் பிதுங்கி நின்றது. கண்ணாடித் துண்டு ஒன்று உள்ளே போயிருந்தால் என்ற நினைப்பில், போத்தலோடு தூக்கிப் போட்டேன். அன்று அலுப்பில் இல்லை, பயத்தில் அழுதேன்.

ஐஸ்கட்டி அச்சும் முதலில் கைகொடுக்கவில்லை. மூடி இல்லாத அச்சு. மறுநாள் ஒரு கட்டியை உருக்கி நாக்கில் வைத்துப் பார்த்தேன். பரங்கிக்காயில் பிளாச்சான் வாடை, புளிக்கவைத்த இறால் விழுதின் வாடை. எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்கிறேன்.

ஸ்கூடாயில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சீன ஆன்ட்டியிடம் போனேன். என் கையிலிருந்த பிளாஸ்டிக் டப்பாவைப் பிடுங்கி அலமாரியில் திருப்பி வைத்தார். "உங்க வீட்டுல கறி சமைப்பீங்க. பிளாஸ்டிக் ஒரு தடவ மஞ்சளாச்சுன்னா ஆயுசுக்கும் மஞ்சள். பிள்ளைக்குக் கண்ணாடி வாங்கு, வாடை ஏறாது" என்று மலாயில் சொன்னார். பிறகு, "மனைவி வரலியா, தேர்ந்தெடுக்க?" என்று கேட்டார். வேலைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. உள்ளங்கை அளவில், நாலு பக்கமும் கொக்கி போட்டு மூடுகிற கண்ணாடிப் பெட்டிகளும், மூடி போட்ட மெத்தென்ற அச்சு ஒன்றும் வாங்கினேன்.

கஞ்சி, பருப்பும் கீரையும், உருளைக்கிழங்கும் கேரட்டும் மசித்தது. ஒரு விரல் இடம் விட்டு, ஆறவைத்து, மூடியில் ஒட்டுத்தாள் ஒட்டி, ஆக்கிய நாளை எழுதினேன். எல்லாவற்றையும் உள்ளே அடுக்கினால் இடம் போதவில்லை. என் ஐஸ்பெட்டியின் மேலறை அவ்வளவு சின்னது. அந்த ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்துவிட்டால் எல்லாம் அடங்கும். நான் எடுக்கவில்லை. பாலையும் மீனையும் கீழ்வீட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டு, டப்பாவைச் சுற்றி இரண்டு பிளாஸ்டிக் பை கட்டி, அது இருந்த இடத்திலேயே வைத்தேன்.

எங்கள் பக்கத்தில் ஐஸ்கிரீம் டப்பாவில் ஐஸ்கிரீம் இருந்தால்தான் அதிசயம். என் மனைவி நிறைமாதத்தில், நின்றால் கால் வீங்கும் என்று சொன்னாலும் கேட்காமல், மிளகாயும் பிளாச்சானும் அரைத்து ஒரு சட்டி நெத்திலி சம்பல் கிண்டி அந்த டப்பாவில் அடைத்து வைத்தாள். பிள்ளை பெற்றதும் பத்தியத்துக்கு அக்கா வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. "நான் அங்க உப்பில்லாம உறப்பில்லாம தின்னுக்கிட்டுக் கெடப்பேன். நீங்க இங்க இத வச்சுச் சோறு திங்கும்போது என்னைய நெனச்சு ரெண்டு சொட்டுக் கண்ணீர் விடணும், சரியா? உறைப்புல வந்தாலும் பரவால்ல" என்றாள். அந்த டப்பாவை நான் திறக்கவே இல்லை.

இதையெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் நான் சொல்லவில்லை. அவர் கண்ணாடிப் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, கொக்கியை இழுத்துப் பார்த்து, என் கிறுக்கல் எழுத்தைப் படித்து, வைத்துக்கொண்டே வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில்தான் அந்த டப்பா கண்ணில் பட்டது.

"இத எடுத்துப் பாக்கணும். பாப்பாவப் புடிங்க" என்று மகளை என்னிடம் நீட்டினார். அவளும் வந்தாள். என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா பைகளை அவிழ்த்து, மூடியை நெம்பித் திறந்தார். குனிந்து பார்த்தார். எண்ணெய் ஆரஞ்சு நிறத்தில் மேலே உறைந்திருந்தது. அதைக் கரண்டியால் ஒதுக்கி, ஒரு நெத்திலியை நகத்தால் கிளப்பி எடுத்தார்.

"தலையக் கிள்ளிருக்கா" என்றார்.

நெத்திலியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"எனக்குத் தலையோட இருந்தா புடிக்காது. சின்னதுலருந்து எனக்காகத்தான் ஒன்னொன்னாக் கிள்ளுவா. திட்டிக்கிட்டே கிள்ளுவா, மகாராணிக்குத் தல ஆகாதாம்னு." கொஞ்சம் நிறுத்தி, "உங்களுக்குத் தலை புடிக்கும்ல தம்பி?" என்று கேட்டார்.

"புடிக்கும்க்கா."

"அப்பறம் ஏன் கிள்ளிருக்கா?"

"பழக்கமா இருக்கும்."

அக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மேசையில் டப்பாவின் அடியில் ஈரம் வட்டமாகப் பரவியது. மகள் அவரைப் பார்த்துக் கையை நீட்டினாள். அக்கா அந்தக் கையைப் பிடித்து, முத்தம் கொடுத்து, திரும்ப என் தோள்மேலேயே வைத்தார்.

"கண்ணாடிப் பெட்டியில ஒன்னு குடுங்க" என்றார்.

கொடுத்தேன். கத்தியால் சம்பலை நடுவில் கீறி, பாதியைப் பெயர்த்து அதில் வைத்து, நாலு கொக்கியையும் அழுத்தினார். மீதியோடு ஐஸ்கிரீம் டப்பாவை மூடி, பழைய இடத்திலேயே சுவரோடு தள்ளி வைத்தார். பிறகு கெலாங் பாத்தாவிலிருந்து கொண்டு வந்திருந்த குளிர்ப்பையைத் திறந்தார். மனசு ஒப்பாமல் தூக்கிக்கொண்டு திரும்பினால் வழியில் பாப்பாவுக்குக் கொடுக்க அவர் ஆக்கிவந்த கஞ்சி அதில் இருந்தது. அதை எடுத்து, என் பெட்டிகளுக்கு முன்னால், கைக்கு முதலில் எட்டும் இடத்தில் வைத்தார். காலியான பையில் சம்பல் பெட்டியை இறக்கி, ஜிப்பை இழுத்து மூடினார்.