மெஷினில் ஒட்டிய மாவு

மாவு அக்காவுக்கு வாழ்க்கையில் பயம் என்றால் அவளுடைய அரவை மெஷினின் பெல்ட் ஒன்றுதான். ஒருமுறை அது முந்தானையைப் பிடித்து இழுத்ததிலிருந்து, சேலையை இறுக்கிச் செருகிக்கொண்டுதான் சுவிட்சைத் தொடுவாள். மற்றபடி பேய், போலீஸ், மாமியார் எதற்கும் அசைந்தவள் இல்லை. புருவம், இமை, காது மடலெல்லாம் வெள்ளையாக அவள் தெருவில் வந்தால் சின்னப் பிள்ளைகள்தான் அவளைப் பார்த்து அலறும். மெஷினை முதலில் ஓட்டியவர் அவள் கணவர். அந்த இரைச்சலில் அவருக்குக் காது போய்விட்டது. "வேண்டாத பேச்சுன்னா மட்டும் அடுத்த தெருவுல பேசினாலும் கேட்கும்" என்பாள்.

அந்தத் தெருவுக்கு மக்காச்சோளம்தான் சாப்பாடு. டின்னை மேலே கொட்டினால் கீழே துணிக்குழாய் வழியாக மாவு விழும். எவ்வளவு தட்டினாலும் ஒரு கை மாவு உள்ளே ஒட்டிக்கொண்டு, அடுத்து வருபவரின் மாவோடு சேரும். யாரும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை. அவருடையது இவருக்கு, இவருடையது இன்னொருவருக்கு என்று சரியாகப் போய்விடும். கடையை மூடும்போது மெஷினைத் தட்டி வழித்து எடுக்கும் மாவு அக்காவுக்கு. ஊரார் வீட்டுச் சோளமெல்லாம் கலந்த அந்த ஒட்டுமாவில்தான் அவள் மகளை வளர்த்தாள். இப்போது ஏழு மாத வயிற்றோடு வந்திருக்கும் அதே மகளுக்குக் காலைக் கஞ்சியும் அதில்தான்.

அந்த வருடம் அரசாங்கத்துக்குத் திடீரென்று விவசாயத்தின் மேல் பாசம் பொங்கியது. வீட்டுக்கு ஒரு மூட்டை விதைச்சோளம் இலவசம் என்றார்கள். நல்லதுதான். ஆனால் மூட்டை வந்து இறங்கியபோது விதைப்பு முடிந்து பயிர் முழங்கால் உயரம் நின்றது. பஸ் போன பிறகு டிக்கெட் கிழித்துக் கொடுத்த மாதிரி. போதாததற்கு, மூட்டைதான் கொடுத்தாயிற்றே என்று ரேஷனில் போடும் சோளத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். விதையில் பூச்சிமருந்து தடவி, அடையாளத்துக்கு ரோஸ் சாயம் ஏற்றியிருந்தார்கள். சாப்பிடக் கூடாது என்று மூட்டையில் அச்சடித்தும் இருந்தார்கள், பொடி எழுத்தில். பசித்த வீட்டுக்குள் ஒரு மூட்டைச் சோளத்தை இறக்கிவிட்டு, இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இரு என்றால் யாரால் முடியும்?

காலையில் மெஷினைத் துடைக்கப் போனபோதுதான் அக்கா அதைப் பார்த்தாள். துணிக்குழாயின் உள்பக்கம் லேசாக ரோஸ் படிந்திருந்தது. கழற்றி வெளியே கொண்டுவந்து வெயிலில் விரித்துப் பார்த்தாள். ரோஸ்தான். நேற்று சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தையல்காரி கொண்டுவந்த சோளம் ஞாபகம் வந்தது. "கழுவிக் காயவெச்சதுக்கா, கொஞ்சம் ஈரம் இருக்கும்" என்றாளே! எதற்காகக் கழுவினாள் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. குழாயை வெயிலிலேயே போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

தையல்காரி வாசலில் உட்கார்ந்து ஒரு சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து அரைச்சது விதைச்சோளமா?"

"கத்தாதேக்கா. ஏழு தண்ணி விட்டுக் கழுவினேன். கடைசித் தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சு. சாயம்தான் போயிடுச்சே."

"சாயம் போனா மருந்தும் போயிடுமாடி?"

தையல்காரி திரும்பிப் பார்த்தாள். உள்ளே அவள் மகன் பாயில் சுருண்டு கிடந்தான். "காலையிலேருந்து வாந்தி. சூடு பிடிச்சிருக்கும்னு நினைச்சேன்..." என்றவள், அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சட்டையைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்குடி அவனை!" என்று கத்திக்கொண்டே அக்கா தன் வீட்டுக்கு ஓடினாள்.

மகள் கஞ்சிப் பாத்திரத்தை வழித்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு குடிச்சே?"

"ரெண்டு டம்ளர். ஏம்மா, பெத்த வீட்டுல குடிக்கிற கஞ்சிக்குக்கூடக் கணக்கா?" என்று சிரித்தாள் மகள்.

அக்கா பாத்திரத்தைப் பிடுங்கி வீசினாள். மகளை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். கணவர் கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்வதென்றால் தெருவுக்கே கேட்கும்படி கத்த வேண்டும். சொல்லாமலே போனாள்.

தெருக்கோடி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மகளைப் படுக்கவைத்தாள். "விதைச்சோளம் கலந்த மாவு, தெரியாம குடிச்சிட்டா" என்றாள் அக்கா.

"மாவு எங்கே வாங்கினது?"

மெஷின் என்று சொன்னால் சீல் வைத்துவிடுவார்கள். வீட்டில் அடுப்பு எரிவது அதை நம்பித்தான்.

"பக்கத்து வீட்டுல குடுத்தாங்க."

பக்கத்துக் கட்டிலில் மகனைப் பிடித்துக்கொண்டிருந்த தையல்காரி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மகனின் வாயைத் துடைக்கக் குனிந்துகொண்டாள்.

டாக்டரம்மா துடிப்புக் கேட்கும் கருவியை மகளின் வயிற்றில் வைத்தாள். தள்ளி வைத்தாள். இன்னும் தள்ளி வைத்தாள்.

"துடிப்பு இருக்கு. ஆனா இப்ப எதையும் உறுதியா சொல்ல முடியாது. இங்கேயே வெச்சுப் பார்க்கணும். இந்த மாவை வேற யாராவது சாப்பிட்டாங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் கேட்டது. தடதடவென்று, அவளுடைய மெஷின். வாசலில் ஜனங்கள் டின்னோடு நிற்பதைப் பார்த்து, வெயிலில் கிடந்த துணிக்குழாயை எடுத்து மாட்டி, பாவம் மனுஷன் தானே ஓட்ட ஆரம்பித்துவிட்டார். குழந்தையாக இருந்தபோது மகள் தூங்கியதே அந்தச் சத்தத்தில்தான். இன்று அதைக் கேட்டதும் அக்கா வாசல் பக்கம் திரும்பினாள்.

"டாக்டரம்மா, என் மெஷின்லதான் அரைச்சது. நேத்து இந்தத் தையல்காரிக்கு அப்புறம் வந்த எல்லா வீட்டுக்கும் போயிருக்கு. இப்பவும் ஓடுது!"

மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். "போகாதம்மா. பயமா இருக்கு."

"எனக்கும்தான்டி" என்று கையை விடுவித்துக்கொண்டு ஓடினாள்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று தெரு முழுக்கக் கத்திக்கொண்டு வந்தாள். கணவர் காதில் விழவில்லை. சிரித்துக்கொண்டே அடுத்த டின்னைத் தூக்கினார். அக்கா முந்தானையைச் செருகவில்லை. ஓடும் பெல்ட்டைத் தாண்டிக் கையை நீட்டி சுவிட்சை அணைத்தாள்.

"ஏன் நிறுத்தினே? இன்னும் மூணு டின்தான்" என்றார் அவர்.

அக்கா ஜனங்கள் பக்கம் திரும்பினாள். "யாரும் எடுத்துட்டுப் போகாதீங்க. நேத்து சாயங்காலம் அரைச்சதையும் தொடாதீங்க. என் மெஷின்ல விஷம் ஏறியிருக்கு."

ஆளாளுக்குத் திட்டத் தொடங்கினார்கள். ஒருவர் டின்னை உதைத்தார். பின்னால் நின்ற பால்காரி மட்டும் திட்டவில்லை. இடுப்பில் இருந்த குழந்தையை இறுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நேத்துக் கடைசியா அரைச்சது நான்தானேக்கா. காலையில இவளுக்கு அதைத்தான் கரைச்சுக் கொடுத்தேன்."

"வா, என் பொண்ணும் அங்கதான் இருக்கா" என்று அக்கா குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். எப்போதும் அவளைக் கண்டாலே அலறும் அந்தக் குழந்தை அன்று அழவில்லை. அவள் தோளில் தலையைச் சாய்த்துச் சும்மா கிடந்தது.