அத்தையின் மருவும் என் மீன் குஞ்சுகளும்

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஊருக்கெல்லாம் சந்தோஷம். தென்காசியில் வீடு வைத்திருக்கிறவர்களுக்குத்தான் திண்டாட்டம். அருவி அங்கே; சோறும் பாயும் எங்கள் வீட்டில். பத்து வருஷமாய்ப் பேச்சே இல்லாத உறவெல்லாம் ஈரத்துண்டோடு வந்து நிற்கும். இன்றைக்கும் சாரல் என்றால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அப்போது நான் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். மதுரையிலிருந்து ஒரு ஜோடி ஏஞ்சல் மீனை டின்னில் தண்ணீரோடு ரயிலில் கொண்டுவந்து, கண்ணாடித் தொட்டியில் வளர்த்தேன். பேர்தான் ஏஞ்சல். தான் போட்ட முட்டையைத் தானே தின்கிற ஜென்மங்கள். இரண்டு தடவை ஒன்று விடாமல் தின்று தீர்த்தன. எனக்கு அழுகையும் ஆத்திரமுமாய் வந்தது. மூன்றாம் தடவை உடைந்த சிலேட்டு ஒன்றைத் தொட்டிக்குள் சாய்த்துவைத்தேன். அதில் முட்டையிட்டதும் சிலேட்டோடு எடுத்து வேறு சின்னத் தொட்டிக்கு மாற்றிவிட்டேன். குளிர் தாக்காமலிருக்க மேலே ஒரு பல்பு. சைக்கிள் ட்யூபில் காற்றடித்து, ரப்பர் குழாய் வழியே குமிழி விட்டேன்.

முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகள் முதலில் சிலேட்டில் ஒட்டிக்கொண்டு வாலை மட்டும் ஆட்டின. பிறகு ஒருநாள் எல்லாம் கிளம்பிக் கூட்டமாய் நீந்தின. வைக்கோலை ஊறவைத்த தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி உண்டாகும்; அதைச் சொட்டுச் சொட்டாக விடுவேன். நாற்றம் தாங்கவில்லை என்று அம்மா திட்டினாள். திட்டட்டும். மிளகளவுகூட இல்லாத அந்த உடம்பில் செதில் முளைத்து, உருவம் வருகிறவரை பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

அந்த வாரம் ஆலங்குளத்திலிருந்து அத்தை வந்தாள், அப்பாவின் அக்கா. கழுத்தில் மரு. கோயில் குளத்தில் உப்பும் மிளகும் வெல்லமும் போடுவதாக நேர்ந்திருந்தாள். அவை கரைகிற மாதிரி மருவும் கரையுமாம். போட்டுக்கொள்ளட்டும், யார் வேண்டாமென்றது?

சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தேன். சின்னத் தொட்டியில் தண்ணீர் பழுப்பாய்க் கலங்கிக் கிடந்தது. மிளகு மிதந்தது. அடியில் கரைந்தது போக மிச்சமாய் ஒரு வெல்லக்கட்டி. குஞ்சுகள் அதைச் சுற்றி வெளுத்துப்போய்க் கிடந்தன. கையை விட்டுத் துழாவிப் பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை.

"யாரு இதைப் போட்டது?" என்று கத்தினேன்.

"நாந்தாம்ட்டி," என்றாள் அத்தை, அருவியில் குளித்துவந்த ஈரத்தலையைக் கோதிக்கொண்டே. "மழையில குளத்துக்கு யாரு போவா? அங்கயும் தண்ணி, இங்கனயும் தண்ணி. அங்கயும் மீனு, இங்கனயும் மீனு. சாமிக்குத் தெரியாதா?"

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உடைத்துவிட்டுத் தேங்காய்க்காரனிடமே நியாயம் பேசியவளை அன்றுதான் பார்த்தேன்.

"எல்லாம் செத்துப்போச்சு அத்தை!"

அத்தை எழுந்து வந்து பார்த்தாள். முகத்தில் துளி வருத்தம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவள் தொட்டியைப் பார்த்துக் கைகூப்பினாள். "எம் பீடையை வாங்கிக்கிட்டு அதுக போயிருச்சுட்டி. புண்ணிய ஜீவனுக."

 நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "பெரியவுக கிட்ட என்ன பேச்சு? உள்ள போ," என்றாள். செத்தது மீன், அதனால் நான் பேசக்கூடாது. அம்மாமேல் வந்த கோபம் அத்தைமேல் வந்ததைவிடப் பெரிது.

அத்தையோ கழுத்தைத் தடவிக்கொண்டே பெரிய தொட்டிப் பக்கம் போனாள். ஜோடியை உற்றுப் பார்த்தாள்.

"ஏட்டி, இதுக அடுத்து எப்ப முட்டை போடும்? மாமாவுக்கு முதுகெல்லாம் தேமலா இருக்கு."

"இனிமே இந்த வீட்டுல போடாது," என்றேன். ஜோடியைக் குடத்தில் பிடித்துவிட்டு, இடுப்பில் வைத்துக்கொண்டு, கொட்டுகிற சாரலில் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். பின்னாலிருந்து அம்மா கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை.