கையொப்பமில்லாத செய்தி

கொட்டாஞ்சேனை பலீல் இருபத்திரண்டு வருடம் இராணுவத்தின் சிக்னல் பிரிவில் காதால் பிழைத்தவர். வானொலியில் வரும் செய்தியைக் கேட்பார். பிசகாமல் திருப்பிச் சொல்வார். மறுமுனை 'சரி' என்றதும் பதிவேட்டில் நேரமிட்டுக் கையொப்பம் வைப்பார்.

ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் வெள்ளவத்தைக்கு மருந்து வாங்கப் போனார். காலி வீதியோரம் சாம்பவி என்ற பெண் காணாமற்போன கணவனின் படத்தோடு உட்கார்ந்திருந்தாள். படத்தின் கீழே: சிவபாதசுந்தரம், ஆசிரியர். பலீல் அந்தப் பெயரை இன்னொரு முறை வாசித்தார். போரின் கடைசி மாதம், பிற்பகல் நான்கு பத்துக்கு வானொலியில் வந்த செய்தியில் இருந்த பெயர் அது. சோதனைச்சாவடியில் சரணடைந்தோர் ஏழு பேர். ஐந்தாவது இந்த ஆசிரியர்.

"தங்கச்சி, இந்தப் பேர நான் எழுதினேன்."

"உயிரோடையோ அண்ணை?"

"நாலு பத்துக்கு உயிரோடதான். அதுக்குப் பொறகு தெரியா."

"அவரைப் பிடிக்கவேயில்லை எண்டெல்லோ ஆமிக்காரங்கள் எழுதித் தந்தவங்கள்! விசாரணை அலுவலகத்துக்கு வந்து சொல்லுங்கோ அண்ணை, உங்கட காலைப் பிடிக்கிறன்."

பதிவேட்டைக் கேட்டுப் பழைய முகாமுக்குப் போனார். இளம் கப்டன் தேநீர் தந்து, ஆண்டு நிறைவு மலரையும் நீட்டினான். கம்பி இழுத்த காலம் முதல் செய்மதி வரை படைப்பிரிவின் வரலாறு. 'எமது கையில் ஒரு செய்தியும் தவறியதில்லை' என்று முதற்பக்கத்திலேயே பெருமை.

"அந்தப் பதிவேடா? எரிச்சாச்சு அங்கிள். வீட்டில நிம்மதியா இருங்க."

தவறாத செய்தியை எரித்துவிட்டு அதற்கு மலர் வேறு போடுகிறார்கள்!

"சாட்சி சொல்லப் போறீங்களா? ஒங்களுக்குப் பைத்தியமா? நாளக்கி நம்மட ஊட்டு வாசலுக்கு வருவானுவள்," என்று மனைவி கைருன்னிஸா அழுதாள்.

"இவ்வளவு காலமும் பயந்துதானே இருந்தோம். என்னத்தக் கண்டோம்?"

மறுநாள் விசாரணை அலுவலகத்தில் சாம்பவிக்குப் பக்கத்தில் நின்று, இடம், நேரம், ஏழு பெயர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். எழுதுவினைஞர் பேனாவை மூடினார்.

"ஆவணம் இல்லாம வாய்ப்பேச்ச எழுதேலா."

"எழுதுங்கோ தம்பி, ஒரு வரி எழுதுங்கோ," என்று சாம்பவி மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

பலீல் ஒரு தாளை இழுத்து எல்லாவற்றையும் தானே எழுதினார். அடியில் நேரமிட்டார், கையொப்பம் வைத்தார். தாளை எழுதுவினைஞர் பக்கம் தள்ளினார்.

"செய்தி வந்து சேர்ந்தா, வாங்கினவன் கையொப்பம் வெக்கணும். வெய்ங்க."

எழுதுவினைஞர் வைக்கவில்லை. காவலாளியைக் கூப்பிட மணியை அடித்தார்.

பலீல் நாற்காலியில் உட்கார்ந்தார். சாம்பவி படத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவருக்கும் முன்னால் அந்தத் தாள் கிடந்தது.