ஒன்று குறைத்து

இப்போது மதியச் சாப்பாட்டுக்கான எண்ணிக்கையைக் கைபேசியில் தட்டினால் போதும், சமையற்கூடத்துக்குப் போய்விடுகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதைப் போனில் வாயால் சொல்லியாக வேண்டும். புதுச்சேரியில் அந்தச் சின்ன அரசுப் பள்ளியை நினைத்தால், காலையில் வருகை எடுத்து முடித்ததும் போனை எடுத்து, "இன்னைக்கு முப்பத்தொண்ணு" என்று சொல்லும் பெரிய டீச்சரின் குரல்தான் முதலில் கேட்கிறது. சொன்ன கணக்குக்குத்தான் வண்டியில் சோறும் முட்டையும் வரும். பிள்ளைகள் எங்கள் கண்முன்னே சாப்பிட வேண்டும், மிஞ்சியதைத் திருப்பி அனுப்ப வேண்டும், வெளிச்சாப்பாடு கூடாது. விதி என்று வந்துவிட்டால் பெரிய டீச்சர் யாருக்கும் மசியமாட்டார். பேரன் பிறந்தநாளுக்குக் கேக்கோடு வந்த பெரியமனிதரை வாசலோடு அனுப்பிவைத்த கதையை நாங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

மூன்றாம் வகுப்பில் தேங்காய்த்திட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு மஞ்சள் கரு என்றால் குமட்டும். வெள்ளையை மட்டும் தின்றுவிட்டு முழிப்பாள். பெரிய டீச்சர் தண்ணீர் டம்ளரோடு பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். "அதுலதான்டி சத்து இருக்கு. கண்ண மூடிக்கினு முழுங்கு." அவள் முழுங்கி, வாயைத் திறந்து காட்டினால்தான் எழுந்திருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைக்குப் போன அந்தக் குழந்தையை லாரி அடித்துவிட்டது. அடக்கம் முடிந்து பள்ளி திறந்த அன்றும் பெரிய டீச்சர், "முப்பத்தொண்ணு" என்றார். வாய் தவறிவிட்டது என்றுதான் நினைத்தேன். மதியம் ஒரு முட்டை மிஞ்சியது. அடுத்து வந்த நாட்களிலும், வந்திருக்கும் பிள்ளைகளோடு ஒன்றைக் கூட்டியே சொன்னார். ஒரு பருக்கை வீணானால் பொறுக்காத மனுஷி.

வண்டிக்காரருக்கு எதுவும் தெரியாது. "தெனம் ஒண்ணு மிஞ்சுதே டீச்சர். கொறச்சு சொல்லுங்க. ஆபீசுல என்னத்தான் கேக்குறாங்க" என்றார்.

"நாளைக்குச் சொல்றேம்பா."

மறுநாள் காலை எண்களை அழுத்திவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார். "நீயே சொல்லிடும்மா. எனக்கு வாய் வரல."

நான் சொன்னேன். "முப்பது."

அன்று மதியம் எதுவும் மிஞ்சவில்லை. வண்டிக்காரருக்குச் சந்தோஷம். "இன்னைக்குத்தான் டீச்சர் கணக்கு சரியா வந்துக்குது."

"இல்லப்பா, ஒண்ணு கொறையுது" என்றார் பெரிய டீச்சர்.

வண்டிக்காரர் பதறிப்போய்ப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தார்.