வெர்னன் டாக்கெட் பயப்படாத கதை

எங்கள் ஊரில் ஆண்பிள்ளைகள் யாருக்கும் பயம் கிடையாது. பயம் இல்லாததால்தான் எல்லோரும் இடுப்பில் துப்பாக்கி வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கும் அதோடுதான் போவோம். ஆண்டவர்மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. பின்வரிசையில் யார் வந்து உட்காருவார்கள் என்று தெரியாதே. இத்தனை சிங்கங்களுக்கும் நடுவே பெரிய சிங்கம், என் பக்கத்து வீட்டு வெர்னன் டாக்கெட்.

வெர்னன் ஏசி மெக்கானிக். டெக்சாஸ் வெயிலில் அவன் ஒரு வாரம் படுத்துவிட்டால் ஊரே வெந்துவிடும். பள்ளிக்கூட ஏசி முழுக்க அவன் பொறுப்பு. பிழைப்பில் பாதி அதுதான். கொதிக்கிற கூரைமேல் ஏறி முணுமுணுக்காமல் வேலை செய்வான். நல்லவன்தான், வாய்தான் நீளம். துப்பாக்கி லைசென்ஸுக்காக ஒருநாள் வகுப்புக்குப் போய்வந்தவன், அன்றிலிருந்து ஊருக்கே வாத்தியாராகிவிட்டான். பியர்லின் காபிக் கடையில் காலைதோறும் பாடம் நடக்கும்.

"கேட்டுக்கோங்கடா. துப்பாக்கிய வெளிய எடுத்துட்டா, சுட்டாலும் சுடலன்னாலும் மொதல்ல போலீசுக்குப் போன் பண்ணணும். எவன் முந்திக்கிறானோ அவன்தான் பாதிக்கப்பட்டவன். போலீஸ் வந்தா ஒரே பேச்சு. 'உயிர் போயிரும்னு பயந்தேன். மீதிய வக்கீல் வந்ததும் சொல்றேன்.' அதோட வாய மூடிரணும்."

வாயை மூடுவதைப் பற்றி அவன் ஒரு மணிநேரம் பேசுவான்.

போன வசந்தத்தில் பரீட்சை வந்தது. மாட்டுத்தீவனக் கடை வாசலில் வெர்னன் தன் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது வேறொருவனுடைய வண்டியை லேசாக உரசிவிட்டான். அந்த ஆள் பெயர் கர்ட், வெளியூர்க்காரன், வாட்டசாட்டமானவன். கையில் வீல் ஸ்பேனரோடு இறங்கி, "உன் மண்டையப் பொளக்கறேன்டா" என்று கத்திக்கொண்டே வந்தான். வெர்னன் துப்பாக்கியை எடுத்து நீட்டினான். கர்ட் நின்றான், நாலு கெட்டவார்த்தை சொன்னான், வண்டியேறிப் போய்விட்டான். ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. சட்டப்படி பார்த்தால் வெர்னன் செய்ததில் ஒரு குற்றமும் இல்லை.

வண்டிக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்த அவன் மனைவி ரூபி, "போலீசுக்குப் போன் பண்ணு" என்றாள்.

"மொதல்ல ஒரு காபி குடிச்சுக்கறேன்" என்றான் வாத்தியார்.

ரூபியை வீட்டில் இறக்கிவிட்டு நேராக பியர்ல் கடைக்கு வந்தான். நானும் அங்கேதான் இருந்தேன். முதல் தடவை சொன்னபோது கர்ட் கையில் வீல் ஸ்பேனர் இருந்தது. கடைக்குத் தினமும் வருகிற ஃப்ளாய்டு வந்து சேர்ந்ததும் மறுபடி சொன்னான், அதில் அது வெட்டுக்கத்தியாகிவிட்டது. அதற்கடுத்த தடவை கர்ட் மண்டியிட்டு அழுதான். நல்ல கதை, நானும் கை தட்டினேன். அந்த நேரத்தில் கர்ட் போலீசுக்குப் போன் போட்டு, டயர் மாற்றிக்கொண்டிருந்த தன்னை ஒரு பைத்தியக்காரன் துப்பாக்கியால் மிரட்டினான் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

கடைக்கு வந்த போலீஸ்காரி டானா மெரிட். அவள் வீட்டு ஏசியையும் வெர்னன்தான் பார்க்கிறான். துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டு, சட்டையில் குத்தியிருந்த கேமராவைக் காட்டினாள்.

"இது ஓடிட்டிருக்கு, மிஸ்டர் டாக்கெட். நீங்க எதுவும் பேசணும்னு கட்டாயமில்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த ஆள் கிட்ட வந்தப்ப உயிருக்குப் பயந்தீங்களா?"

விடையையே எடுத்து வாயில் ஊட்டிவிட்டாள். 'ஆமாம்' என்று சொன்னால் போதும். ஆனால் கடை முழுக்கத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஃப்ளாய்டு மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

"பயமா? எனக்கா? அந்தச் சரக்கு நம்மகிட்ட ஸ்டாக்கே இல்லம்மா."

எல்லோரும் சிரித்தார்கள். டானா சிரிக்கவில்லை.

"நல்லா யோசிச்சு சொல்லுங்க, சார். கொஞ்சம்கூட இல்லையா?"

"அவன் மூஞ்சியப் பாத்தா சிரிப்புதான் வந்துச்சு. கொஞ்சம் நடுங்கட்டுமேன்னு எடுத்து நீட்டினேன்."

டானா பெருமூச்சு விட்டுக் கைவிலங்கை எடுத்தாள். வெளியே கூட்டிப்போகும்போதும் அவன் பேசிக்கொண்டேதான் போனான்.

வெர்னன் ஜாமீனில் வந்தபிறகு அவனுடைய வக்கீலம்மா அவன் வீட்டுச் சமையலறையிலேயே உட்கார்ந்து விளக்கினாள். நானும் கூட இருந்தேன். "உயிருக்குப் பயந்து எடுத்தா அது தற்காப்பு. பயமில்லாதவன் எடுத்தா அதுக்குப் பேரு மிரட்டல், ஜெயில். உங்க மனைவி சாட்சி சொல்லட்டும். நீங்களும் கூண்டுல ஏறி, அன்னிக்கு வெட்கப்பட்டு அப்படிச் சொல்லிட்டேன், உண்மையில பயந்தேன்னு சொல்லுங்க. ஜெயிச்சிரலாம். இல்லன்னா சின்னக் குற்றமா ஒத்துக்கிட்டா ஜெயில் இல்ல. ஆனா துப்பாக்கி போச்சு, லைசென்ஸ் போச்சு, குற்றவாளிய உள்ள விடமாட்டாங்கறதால பள்ளிக்கூட வேலையும் போச்சு."

அவள் போனதும் ரூபி அவன் எதிரே உட்கார்ந்தாள்.

"நான் பாத்தேன், வெர்னன். 'போயிடுப்பா, ப்ளீஸ், போயிடுப்பா'ன்னு அவன்கிட்ட கெஞ்சின. அதைப் போய்ச் சொல்லு."

"ஃப்ளாய்டு வருவான் கோர்ட்டுக்கு. எல்லாரும் வருவானுங்க."

"வரட்டுமே. எனக்குப் பயமா இருக்குன்னு கல்யாணமான நாள்லேருந்து நான் சொல்லிட்டுத்தான் இருக்கேன். எந்த ஊர் என்னைத் தள்ளி வச்சுச்சு?"

"நீ பொம்பள" என்றான்.

அவளுக்குக் கோபம் வந்திருந்தால்கூடத் தேவலை. எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

கோர்ட்டில் எங்கள் ஊர்ச் சிங்கங்கள் எல்லோரும் இரண்டு பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தோம். வெர்னன் சாட்சி சொல்லவில்லை. குற்றத்தை ஒத்துக்கொண்டான். யாரையும் தொடாமல், உயிரைக் காப்பாற்றிக்கொண்டவன், கேட்கிற எல்லாவற்றுக்கும் 'ஆமாம், யுவர் ஆனர்' என்றான். துப்பாக்கி அரசாங்கத்துக்குப் போயிற்று. பள்ளிக்கூடம் வேறு மெக்கானிக்கைப் பார்த்துக்கொண்டது. வாசலில் ஃப்ளாய்டு அவன் முதுகில் தட்டி, "ஆம்பளடா நீ" என்றான். அத்தனையும் கொடுத்து அவன் வாங்கியது அதைத்தான். எனக்கு ஃப்ளாய்டை அறைய வேண்டும்போல இருந்தது. அறையவில்லை, நானும் தட்டிக்கொடுத்தேன்.

திரும்பும்போது வண்டியை நான்தான் ஓட்டினேன். ரூபி பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டாள். ஊரை நெருங்கும்போது எங்களுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பிக்கப் வந்தது. யாரோ, எங்கேயோ போகிறவன். வெர்னனின் கை இடுப்புக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. அவன் சீட்டில் சறுக்கி, தலை வெளியே தெரியாத அளவுக்குத் தாழ்ந்து உட்கார்ந்தான்.

"வெஸ்லி, கதவு பூட்டியிருக்கா?" என்றான் என்னிடம், மெதுவாக.

"பூட்டியிருக்கு."

பிக்கப் எங்களைத் தாண்டிப் போய்விட்டது. கொஞ்ச தூரம் போனதும், ரூபிக்குக் கேட்காதபடி இன்னும் தாழ்ந்த குரலில் மறுபடியும் கேட்டான்.